அனந்தவல்லியின் தலைமுடி

அனந்தவல்லிக்குப் பெண்களை முதுகுப் பக்கத்திலிருந்துதான் அடையாளம் தெரியும். திண்டிவனத்தில், செஞ்சி ரோட்டு மாடி ஒன்றில் விருத்தாசலம் என்பவர் நடத்திய டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் அவள் சொல்லிக்கொடுக்கிற வேலையில் இருந்தாள். மிஷின்களைச் சுவர் ஓரமாகப் போட்டிருந்தார்கள். பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அடிப்பார்கள். அவள் அவர்களுக்குப் பின்னால் நடந்துகொண்டிருப்பாள். முகம் தெரியாது, ஜடை தெரியும். எண்ணெய் வழிகிற ஜடை, எலிவால் ஜடை, ஸ்டூலுக்குக் கீழே இறங்கி ஆடுகிற ஜடை. கடைத்தெருவில் எதிரே வந்து வணக்கம் வைக்கிற பெண்ணை யாரென்று தெரியாமல் விழிப்பாள். அவள் கடந்துபோன பிறகு திரும்பிப் பார்த்து, ஓ இவளா என்று தெரிந்துகொள்வாள்.

அவளுடைய முடியைச் சுருட்டை என்று சொன்னால் அது மரியாதைக்குச் சொல்வது. சுருட்டை என்றால் அலையலையாக இறங்கவேண்டும். இது இறங்கவில்லை, தலையைச் சுற்றி நின்றது. ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக ஒரு வளையம். இழுத்தால் நீளும், விட்டால் ஓடிப்போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். காலையில் தண்ணீர் தெளித்து, விளக்கெண்ணெய் அப்பி, ஒரு சாண் நீளத்துக்கு எப்படியோ பின்னி, நுனியில் ரிப்பனை இறுக்கிக்கொண்டு போவாள். வெயில் ஏறும்போது காதோரத்தில் கிளம்பும். மதியத்துக்குள் நெற்றி முழுக்க எழுந்து நிற்கும்.

பெண்கள் அவளுக்குத் தேன்கூடு என்று பெயர் வைத்திருந்தார்கள். தேனைக் கையால் தொடாத சமண நைனார் வீட்டுப் பெண்ணுக்கு அந்தப் பெயர். பாஞ்சாலி என்கிற பெண் ஒருநாள் பக்கத்து மிஷின்காரியிடம், "தேன்கூடு வருது, ஒழுங்கா அடி" என்று சொன்னது இவள் காதில் விழுந்தது. அனந்தவல்லி அவளுக்குப் பின்னால் போய் நின்று, விரல் எழுத்து மாறிப் போகிறது என்று மட்டும் சொன்னாள். பாஞ்சாலியின் ஜடை இடுப்புக்குக் கீழே இருந்தது. இப்படி ஒரு ஜடை இருந்தால் யாரை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

சமணக் குடும்பம். பேனைக்கூட நசுக்கக்கூடாது. அக்கம்பக்கத்து வீடுகளில் நகத்தில் வைத்துச் சொடுக்குகிற சத்தம் கேட்கும். இவள் வீட்டில் அம்மா பத்மாம்பாள் சீப்பில் வந்ததையெல்லாம் பஞ்சில் ஒற்றி எடுத்து, கொல்லைச் சுவரோரம் நிழலில் கொண்டுபோய் விடுவாள். அனுப்பி வைத்த விருந்தாளிகள் பொழுதுபோவதற்குள் திரும்பி வந்துவிடுவார்கள் என்று அப்பா அஜிதநாதன் சொல்லிச் சிரிப்பார். மல்லாட்டை மண்டியில் நாளெல்லாம் கடலை விலை கத்திவிட்டு வரும் மனிதர், வீட்டில் சிரிக்க அவருக்கு அந்த ஒரு விஷயம்தான் இருந்தது. சின்ன வயதில் அனந்தவல்லியின் தலையில் பேன்சீப்பின் பல் உடையும். கடைசியில் மொட்டை போட்டார்கள். மொட்டை போட்டால் நேராக முளைக்கும் என்று யாரோ சொன்னதால் மறுபடியும் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் முன்னைவிட இறுக்கமாகச் சுருண்டுகொண்டு வந்தது.

அவளுக்கு ஆறு வயது இளையவள் தர்மதேவி. ஒரே அம்மா, ஒரே எண்ணெய், ஒரே சீப்பு. தர்மதேவியின் முடி, சொம்பிலிருந்து தண்ணீரைச் சாய்த்தால் எப்படி விழுமோ அப்படி விழும். விரலை உச்சியில் வைத்தால் முழங்கால்வரை தடையில்லாமல் போய் வெளியே வரும். தங்கைக்குத் தலை வாரிவிடுவது அனந்தவல்லியின் வேலை. மனசு என்னென்னவோ நினைத்துக்கொண்டிருக்கும், கை மட்டும் நிதானமாகப் பின்னும். ஒருநாள்கூட வலிக்க இழுத்ததில்லை. அக்கா பின்னினால்தான் அவிழாமல் நிற்கும் என்று தர்மதேவி எல்லாரிடமும் சொல்வாள்.

எண்பதாம் வருஷம் விழுப்புரத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையன் பார்சுவநாத், மின்வாரிய ஆபீசில் வேலை. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கவேண்டும் என்று மதியமே வந்துவிட்டார்கள். அம்மா அனந்தவல்லியின் தலையைக் கனகாம்பரத்தால் மூடியிருந்தாள். முடி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்குப் பூ. பையனின் அம்மா பூ நன்றாக இருக்கிறது என்றாள். பலகாரத் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பி நடந்த தர்மதேவியை அந்தம்மாள் கதவு வரைக்கும் கண்ணாலேயே கொண்டுபோய் விட்டாள்.

பத்து நாள் கழித்துச் சொல்லி அனுப்பினார்கள். சின்னவளைக் கொடுக்கிற எண்ணம் இருந்தால் பேசலாம்.

அம்மா அதைச் சில நாள் வாயில் வைத்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் சொன்னாள். தர்மதேவி முடியாது என்றாள். அக்காவுக்காகச் சொல்கிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அனந்தவல்லியும் அப்படித்தான் நினைத்தாள், அது அவளுக்கு இன்னும் கசப்பாக இருந்தது. காரணம் அது இல்லை. தர்மதேவி அப்போதே நாளைக்கு ஒருவேளைதான் சாப்பாடு என்கிற விரதத்துக்கு வந்திருந்தாள். செஞ்சிப் பக்கத்துக் கிராமக் கோயில் ஒன்றில் தங்கியிருந்த துறவி அம்மாக்களிடம் அடிக்கடி போய்வந்தாள். மூன்று வருஷம் வீட்டில் சண்டை நடந்தது, பிறகு ஓய்ந்தது. தீட்சைக்கு நாள் குறித்தார்கள்.

அந்த வாரத்தில்தான் அம்மா அதைச் சொன்னாள். அடுப்படியில் பருப்பு களைந்துகொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"உன் கண்ணுதாண்டி. தெனம் அவ தலையையே பாத்துக்கினு இருந்தியே."

பார்த்தது நிஜம்.

தீட்சை அந்தக் கிராமத்துக் கோயில் முற்றத்தில் நடந்தது. தலைமுடியைக் கத்தி வைத்து எடுக்கமாட்டார்கள். சாம்பல் தடவிப் பிடி பிடியாகக் கையாலேயே பிடுங்கவேண்டும். முதல் பிடிகளைத் தர்மதேவி தானே பிடுங்கினாள். பின்புறத்தை மூத்த துறவி அம்மா எடுத்தார். விழுகிற முடியை வெள்ளைத் துணியில் ஏந்திக்கொள்ள ஒருத்தி வேண்டும், அது அனந்தவல்லிக்கு வந்தது. களை பிடுங்குகிற மாதிரி ஒரு சத்தம், மெல்லிசாக, விட்டு விட்டு. கூட்டம் அழுதது. விழுப்புரத்திலிருந்து பார்சுவநாத்தின் அம்மாகூட வந்து அழுதுகொண்டிருந்தாள். தர்மதேவியின் முகம் சுளிக்கவில்லை.

அனந்தவல்லி அழவில்லை. துணியில் கனம் ஏறிக்கொண்டே வந்தது, நனைந்த துண்டைப்போல. இனிமேல் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது, இதோடு முடிந்தது என்று நினைத்தாள். தங்கைக்கு மட்டும் இல்லை, தனக்கும் இன்று ஏதோ விடுதலை ஆகிறது என்று நினைத்தாள். சாயங்காலம் அந்த முடியை ஏரியில் விட்டார்கள். அது மூழ்கவில்லை. விரிந்து மிதந்துகொண்டு போனது.

அதன்பிறகு அவள் கொஞ்சம் நன்றாகவே இருந்தாள். ஜடைகளுக்குப் பின்னால் நடந்தாள். அவை ஊரார் ஜடைகள், வீட்டுக்குள் வந்து படுப்பவை அல்ல. அம்மாவின் பேச்சு உள்ளே கிடந்தது. ஆனால் அது பழைய கண்ணைப் பற்றியது என்று வைத்துக்கொண்டாள். இந்தக் கண்ணில் இப்போது அது இல்லை.

மறுவருஷம் மாசியில் துறவி அம்மாக்கள் நடந்தே தெற்கே போவதாகத் தகவல் வந்தது. திண்டிவனத்துக் கோயிலில் ஒருநாள் தங்கல். மறுநாள் விக்கிரவாண்டி, அப்புறம் விழுப்புரம். பத்மாம்பாள் ரெண்டு நாள் வீட்டைக் கழுவினாள். துறவிகளை இன்னார் வீடு என்று அழைத்துப்போக முடியாது. வாசலில் நின்று கும்பிட்டு வரவேற்கவேண்டும், வந்தால் வருவார்கள். வந்தாலும் ஒரே வேளை, கையில் வாங்கிச் சாப்பிடுவதுதான். தண்ணீரும் அப்போது குடித்ததுதான், மறுநாள்வரை தொடமாட்டார்கள். சாப்பாட்டில் ஒரு முடி தென்பட்டால் போதும், அந்தக் கவளத்தோடு கையை விரித்துவிடுவார்கள். அன்றைக்கு அவ்வளவுதான்.

அதனால் அம்மா முந்தின நாளே சொல்லிவிட்டாள், நீ இந்தப் பக்கம் வராதே என்று.

அனந்தவல்லிக்குப் போகவேண்டியிருந்தது. தன் கையால் ஒரு கவளமாவது வைக்கவேண்டும். அந்தத் தலையை ஒருதரம் கிட்டத்தில் பார்த்து, தனக்குள் ஒன்றும் நேரவில்லை என்று தெரிந்துகொள்ளவேண்டும். அது தெரிந்துவிட்டால் அம்மா சொன்னதும் பொய்யாகிவிடும்.

"தலையக் கட்டிக்கினு வர்றேம்மா. ஒரே ஒரு கவளம்."

அம்மா அவள் தலையைப் பார்த்தாள்.

"ஈரத்துண்டு எடுத்து ரெண்டு சுத்து சுத்து. இறுக்கி."

மறுநாள் துறவி அம்மாக்கள் தெருவுக்குள் வந்தார்கள். மூத்த அம்மா எதிர்வீட்டு வாசலில் நின்றார். இவள், முன்பு தர்மதேவியாக இருந்தவள், வெள்ளைப் புடவையும் கையில் பூச்சி ஒதுக்குகிற மயிற்பீலியுமாக இந்த வீட்டு வாசலுக்கு வந்து நின்றாள். அஜிதநாதன் தன் மகளைச் சுற்றி வந்து கும்பிட்டார். உள்ளே வந்து பலகையில் உட்கார்ந்ததும், சோறிடுகிறவர்கள் ஒவ்வொருவரும் சொல்லவேண்டியதைச் சொன்னார்கள். அனந்தவல்லியும் ஈரத்துண்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு தங்கையிடம் சொன்னாள்:

"மனசுத்தம், வாக்குசுத்தம், காயசுத்தம். ஆகாரமும் ஜலமும் சுத்தம், மாதாஜி."

சேர்த்து ஏந்திய கைகளில் அப்பா வெந்நீர் விட்டார். அம்மா நெய்விட்ட பருப்புச் சோற்றைச் சின்னச் சின்னதாக வைத்தாள். மாதாஜி ஒவ்வொரு கவளத்தையும் கட்டைவிரலால் பரப்பிப் பார்த்துவிட்டு உண்டாள். நான்கைந்து கவளம் போயிருக்கும். பத்மாம்பாளின் முகத்தில் ஒரு வருஷத்துப் பசி தணிந்துகொண்டிருந்தது. அவள் பாத்திரத்தை அனந்தவல்லியிடம் நீட்டினாள்.

அனந்தவல்லி முன்னால் வந்தாள். மாதாஜி குனிந்திருந்ததில் தலையிலிருந்து முந்தானை நழுவியிருந்தது. கடைசியாகப் பிடுங்கி ரெண்டு மாசம் ஆகியிருக்கும். அரை விரல் அளவுக்கு வளர்ந்திருந்தது. அவ்வளவுதான் முடி. அந்த அரை விரலும் படிந்து கிடந்தது. ஒரே பக்கமாக, உச்சியிலிருந்து பிடரிவரைக்கும், யாரோ இப்போதுதான் உள்ளங்கையால் தடவிவிட்டுப் போனதுபோல. எண்ணெய் இல்லை, சீப்பு இல்லை, வேண்டும் என்கிற நினைப்புகூட இல்லை. அது பாட்டுக்குப் படிந்து கிடந்தது.

அனந்தவல்லியின் கண்ணுக்கு அந்தப் பழைய பொறாமை திரும்பி வந்தது. ஒரு மாற்றமும் இல்லாமல், விட்டுப்போன இடத்திலிருந்தே. இன்னும் சரியாகப் பார்க்கவேண்டும்போல் இருந்தது. குனிந்தாள், தேவைக்கு மேல் குனிந்தாள். குனிந்தபடியே கவளத்தை வைத்தாள்.

மாதாஜியின் கட்டைவிரல் சோற்றைப் பரப்பியது. நின்றது.

வெள்ளைச் சோற்றின்மேல் ஒரு வளையம் கிடந்தது. கறுப்பாக, சின்னதாக, இறுக்கமாக. நேரான முடியாக இருந்திருந்தால் அம்மாவுடையதோ, காற்றில் வந்ததோ என்று சொல்லலாம். இதை யாருடையது என்று யாரும் கேட்கவேண்டியிருக்கவில்லை. மாதாஜி அதைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு கீழே இருந்த பாத்திரத்தின்மேல் கைகளைத் தளர்த்தி விரித்தாள். சோறு விழுந்தது. அஜிதநாதன் கைகழுவத் தண்ணீர் விட்டார். குடிக்கக் கொடுக்கக்கூடாது.

வாசலில் அனந்தவல்லி அவள் முன்னால் போய் நின்றாள். அக்கா என்று ஒரு சொல் வந்துவிடாதா என்று இருந்தது.

"தப்பு நடந்துபோச்சு, மாதாஜி."

"தப்பு என்ன. ஒரு உபவாசம் சேந்துது."

கோபம் கொஞ்சமும் இல்லாத குரல். இந்தத் தெருவில் யார் கேட்டிருந்தாலும் அதே குரலில்தான் சொல்லியிருப்பாள். சொல்லிவிட்டுக் கோயிலைப் பார்த்து நடந்தாள். அனந்தவல்லி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் அந்தப் பிடரியில் அடித்தது. பார்க்காமல் உள்ளே போயிருக்கலாம். திருப்பம் வரைக்கும் பார்த்தாள்.

சமைத்ததை அம்மா பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கொண்டுபோய் ஊற்றினாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. அப்பா மண்டிக்குப் போய்விட்டார். அனந்தவல்லி மதியம் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய் மூன்று பேட்ச் பார்த்துவிட்டு வந்தாள். துண்டை அவிழ்த்ததிலிருந்து தலை காய்ந்து முழுசாக எழுந்து நின்றது. அங்கே பாஞ்சாலி ஏதோ சொன்னாள், பக்கத்துப் பெண் சிரித்தாள்.

பொழுது இறங்குவதற்கு முன்னால் வீட்டில் அனந்தவல்லி மட்டும் தட்டு வைத்து உட்கார்ந்தாள். பசித்தது. காலையில் வடித்த சோற்றில் ஒரு மூலை மிஞ்சியிருந்தது. ஒவ்வொரு வாய்க்கும் கட்டைவிரலால் பரப்பிப் பார்த்துச் சாப்பிட்டாள். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"மனசுத்தம்னு சொன்னியேடி."

"சொன்னேம்மா."

ஜன்னலில் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. இருட்டுவதற்குள் முடிக்கவேண்டும். அனந்தவல்லி மிச்சத்தை வேகமாகச் சாப்பிட்டாள்.