ஒன்றை அழுத்தினால் ஓடும்

அந்த மிஷினை வாங்கவைத்தவள் செந்தாமரைதான். காணை என்ற ஊருக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் கரும்பு, கிணற்றுக்குள் மேடைகட்டி உட்கார வைத்த மோட்டார். 2012இல் த்ரீ ஃபேஸ் கரண்ட் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வந்துவிட்டதா என்று பார்க்கவே அவள் தினம் நாலைந்து தடவை கரும்புக் கொல்லைக்கு நடந்தாள். ஸ்டார்ட்டர் பெட்டியில் சிம் கார்டு போட்ட அந்த மிஷினைப் பொருத்தியபிறகு நடை நின்றது. கரண்ட் வந்தால் அதுவே அவள் செல்லுக்கு ஃபோன் போடும். ஒன்றை அழுத்தினால் மோட்டார் ஓடும். இரண்டை அழுத்தினால் நிற்கும்.

திண்டிவனத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்கு நினைத்தபோது போய்வர முடிந்தது அதற்கப்புறம்தான். ஆனால் அங்கேயும் முழுசாக உட்கார முடியவில்லை. பேச்சின் நடுவே கை செல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும்.

அன்றைக்கும் திண்டிவனம் பஸ்ஸில்தான் இருந்தாள். விக்கிரவாண்டி தாண்டும்போது மிஷின் கூப்பிட்டது. ஒன்றை அழுத்தினாள். "மோட்டார் ஓடுகிறது" என்றது ஒரு பெண் குரல். நிம்மதியாக ஜன்னல் பக்கம் சாய்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் கொல்லை கோதண்டபாணி பேசினான்.

"அண்ணி, அண்ணன் செல்ல எடுக்க மாட்டேங்கிறாரு. பம்புல தண்ணி ஒழுகுது, கிளாண்டு கயிறு மாத்தணும்னு ஸ்பேனர வாங்கிக்கினு போனாரு. எனக்கு அது இப்ப வேணும்."

"எப்ப போனாரு?"

"அரை மணி ஆவுது. கெணத்துலதான் எறங்கியிருப்பாரு."

தண்ணீர் ஒழுகாமல் பம்பின் தண்டைச் சுற்றி அடைக்கிற கயிறு அது; மாற்றுகிறவன், மோட்டார் ஓடினால் சுழலும் அந்தத் தண்டின்மேலேயே கையை வைத்திருப்பான். செந்தாமரை அழைப்பைத் துண்டித்தாள். மிஷினைக் கூப்பிட்டு இரண்டை அழுத்தினாள். "மோட்டார் நிறுத்தப்பட்டது." அதே குரல், அதே நிதானம். அதற்கு மோட்டாரைத்தான் தெரியும். இடையில் ஏழு நிமிஷம் ஓடியிருக்கிறது. கோதண்டபாணியைத் திரும்பக் கூப்பிட்டாள்.

"கோதண்டம், கெணத்தாண்ட ஓடு! ஜல்தியா ஓடு!"

"இன்னா அண்ணி?"

"கேக்காத, ஓடு!"

புருஷன் அரசப்பனின் எண்ணை மூன்று தடவை போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சட்டையைக் கழற்றிக் கிளையில் மாட்டியிருப்பான். செல் அதன் பையில் கிடக்கும். பக்கத்து சீட்டுப் பெண், "எறங்கணுமா?" என்று கேட்டாள். செந்தாமரை செல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கிருந்தபடியே மோட்டாரை ஓட்டிய கை, ஒரு மனுஷனை மேலே தூக்க உதவாது. செல் அடிக்க வேண்டும் என்று இருந்தது. அடித்துவிடக் கூடாது என்றும் இருந்தது.

அடித்தது. கோதண்டபாணியின் எண்.

"செந்தாமரை." அரசப்பனின் குரல்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "கை இருக்குதா?"

"இருக்குது. உள்ளங்கைத் தோலு போச்சு. துண்டு தண்டுல சுத்தி என்னை இழுத்துச்சு பாரு, கழுத்திலேர்ந்து உருவி உட்டுட்டேன். நார்நாரா பூட்ச்சு. மிஷினு தானா ஓடி தானா நின்னுதுடி! அந்தக் கம்பெனிக்காரன் வரட்டும், அவன் சட்டையப் புடிச்சு ரெண்டு குடுக்கறேன்."

பஸ் கூட்டேரிப்பட்டில் நின்றது. செல்லில் அரசப்பனுக்குப் பின்னாலிருந்து கோதண்டபாணி, "சைனா மாலு அண்ணே, அப்படித்தான் பேஜாரு பண்ணும்" என்று ஒத்து ஊதுவது கேட்டது. அவள் சும்மா இருந்தால் போதும். குற்றம் மிஷினோடு போய்விடும்.

"தானா ஓடல. நான்தாங்க போட்டேன்."

கண்டக்டர் விசில் ஊதினார்.

"விக்கிரவாண்டியில. நீங்க எறங்குனது எனக்குத் தெரியாது."

"ஃபியூஸ் கட்டைய புடுங்காம எறங்கினேன்" என்றான் அரசப்பன் மெதுவாக. பிறகு குரல் ஏறியது. "அதுக்காக நீ செஞ்சது சரின்னு ஆயிடாது."

"ஆவாது."

"இப்ப எங்க கீறே?"

"ஹோல்டான், எறங்கணும்!" என்று கண்டக்டரிடம் கத்தினாள். இறங்கியபிறகுதான் பதில் சொன்னாள். "எதிர்ப்பக்கம் பஸ்ஸு பிடிக்கறேன். கையில மஞ்சத்தூள வைக்காதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போவணும்."