தாயம்மா மீனை விட்ட கதை

பத்தாங் பெர்ஜுந்தாய்ப் பக்கத்து எஸ்டேட்டில் தாயம்மா, இராஜம்மா, திலகம் மூவரும் குமரிகளாக ஒன்றாய்ப் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கப் போனவர்கள். பிறகு இராஜம்மா மூன்று லோரி வைத்திருப்பவருக்கு வாழ்க்கைப்பட்டாள். திலகம் ரவாங்கில் பேக்டரி சூப்பர்வைசர் ஆனாள். தாயம்மா மட்டும் அதே எஸ்டேட் லயத்து வீட்டில், எண்ணெய்க்கு உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கிக்கொண்டு கிடந்தாள். ஆனாலும் வருஷா வருஷம் தீபாவளி கழிந்த ஞாயிறு மூவரும் பாசிர் பெனம்பாங் சாப்பாட்டுக் கடையில் நண்டு தின்றே ஆகவேண்டும். பில்லை மூன்றாகப் பிரிப்பது சட்டம். கையில் நாலு காசு புழங்கிய நாளில் அந்தச் சட்டத்தைப் போட்ட மகராசியே தாயம்மாதான்.

எண்பத்தாறில் செம்பனை விலை விழுந்தது, வேலைநாளும் குறைந்தது. கேட்டால் இராஜம்மா தாயம்மாவின் பங்கையும் சேர்த்தே கொடுத்துவிடுவாள். ஆனால் ஒருமுறை அவள் காசில் தின்றுவிட்டால் அப்புறம் சிநேகிதியாக உட்கார முடியாதே என்று தாயம்மாவுக்குப் பயம். சரி, வயிற்றுவலி என்று சொல்லித் தொலைக்கக் கூடாதா? தன் சின்ன மகனின் மூச்சிழுப்பு நிற்க மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு மீன், நண்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டதாக வாய்கூசாமல் சொல்லிவைத்தாள். சோற்றுக்கும் கீரைக்கும் மட்டும் காசு கொடுத்தாள். வீட்டிலோ கருவாட்டுக் குழம்பு வழக்கம்போலக் கொதித்தது. உடம்பு முறிய வேலை செய்து வருகிறவளுக்கு இருந்த ஒரே சுகம் அதுதான்.

பையனுக்கு இழுப்பு தானாகவே நின்றது. திலகம் போகிற இடமெல்லாம் அம்மன் மகிமையைப் பேசித் திரிந்தாள்.

மூன்றாம் வருஷம் நண்டு மேசைக்கு வந்ததும் இராஜம்மா தன் தட்டைத் தள்ளி வைத்தாள். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த அவள் மகன் ஆறு மாதமாக எழுந்து நடக்கவில்லை.

"உன் வேண்டுதல் பலிச்சுச்சில்ல தாயி, நானும் மீன விட்டுட்டேன். எம்மவனுக்காக நீயும் ஒரு வார்த்த வேண்டிக்கடி. நீ சொன்னா அம்மனுக்கு எட்டுதுலா."

உண்மையைச் சொன்னால் மானம் போவது இருக்கட்டும், இராஜம்மா பிடித்துக்கொண்டிருக்கும் ஒரே நம்பிக்கையும் போய்விடும். பொய்யைக் கட்டிச் சுமந்து தாயம்மாவும் அலுத்துப்போயிருந்தாள். வேண்டிக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் கணவன் ரெங்கசாமி கருவாட்டுக் குழம்புச் சட்டியை அவள் பக்கம் நகர்த்தினான். வேண்டாம், வேண்டுதல் என்றாள். அவன் சிரித்துவிட்டான்.

"அது நண்டுக் கடைக்கு மட்டுந்தானே? நம்ம பயலுக்குத்தான் நல்லாயிருச்சே."

"இராஜம்மா மவன் நடக்கிற வரைக்கும்" என்று சொல்லிவிட்டு, வெறுஞ்சோற்றில் உப்பைப் போட்டுப் பிசைந்தாள்.