வெர்லின் ஹௌகனின் கண்ணளவு

கடைக்குள் நுழையும் அப்பா அம்மாவை வெர்லின் ஹௌகன் பார்ப்பதே இல்லை. அவர்கள் கையைப் பிடித்து வரும் குழந்தையின் நடையைத்தான் பார்ப்பார். காலை அகட்டி, குதிரையிலிருந்து இறங்கியவன்போல் நடந்தால், "ஈரம் உறுத்துது இவனுக்கு. டயப்பருக்கு இனி ரொம்ப நாள் வேலையில்ல" என்பார். விளையாட்டை நிறுத்திவிட்டு, மறந்துபோன பேரை யோசிப்பவள்போல் எங்கேயோ வெறித்தால், "ஒண்ணுக்கு வர்றது தெரியுது இவளுக்கு. கழிப்பறையில உக்கார வைக்க ஆரம்பிச்சிரலாம்." அவர்கள் வாங்க வந்தது குழாய் வளையமாக இருக்கும், வாங்கிக்கொண்டு போவது இந்தத் தீர்ப்பாக இருக்கும்.

அமெரிக்காவின் ஃபார்கோ நகரில் குளியலறைச் சாமான் கடை வைத்திருக்கும் வெர்லின் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். வார்ப்பிரும்புத் தொட்டிகளை முதுகில் சுமந்து மாடி ஏற்றித்தான் முதல் கடையின் வாடகையைச் சம்பாதித்தார். அதை ஒருவரிடமாவது சொல்லாமல் மதியச் சாப்பாட்டைத் தொடமாட்டார். காட்சிக்கு வரிசையாக வைத்திருக்கும் கழிப்பறைகளுக்குத் தண்ணீர் இணைப்பு கிடையாது. அது பெரியவர்களுக்குத்தான் தெரியும். அவ்வப்போது ஒரு குழந்தை ஏறி உட்கார்ந்து காரியத்தை முடித்துவிடும். பெற்றோர் மன்னிப்புக் கேட்டுக் குழைவார்கள். வெர்லின் பெருமையாக வாளி எடுத்து வருவார். "டாக்டருங்க புஸ்தகத்துல படிச்சாங்க. நான் தொடச்சு தொடச்சுத் தெரிஞ்சுகிட்டேன்."

இந்தக் கோடையில் அந்தப் பெருமைக்குச் சோதனை வந்தது. கடையின் கணக்கு, மதிப்பீடு, கடிதம் எல்லாம் பிரிட்டா எங்கன் கையில். அவள் மகன் ஆண்டர்ஸுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. அவனைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மாள் ஊர் மாறிப் போனதால், பையனுக்கு அம்மாவின் மேசையடிதான் வீடு. தேவாலயத்து மழலைப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. ஆனால் டயப்பரோடு வருகிற பிள்ளையை அங்கே சேர்க்கமாட்டார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் வரும் லேபர் டே விடுமுறை முடிந்ததும் பள்ளி திறக்கிறது. அதற்குள் பையன் கழிப்பறைக்குப் பழகாவிட்டால் பிஸ்மார்க் நகரில் இருக்கும் அக்கா வீட்டோடு போய்விடுவதாகப் பிரிட்டா சொல்லிவிட்டாள். அவள் போனால், எழுத்தைக் கண்டு மிரளாத ஆள் கடையில் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள், வெர்லின் உட்பட.

வெர்லின் பையனைக் கண்ணளவில் எடைபோட்டார். நடை சரி. வெறிப்பு சரி. பகல் தூக்கத்திலிருந்து காய்ந்தே எழுகிறான். "பழுத்தாச்சு" என்று அறிவித்து, ஒவ்வொரு வெற்றிக்கும் ஒரு சாக்லேட் மிட்டாய் என்று சட்டமும் போட்டார். பின்பக்கக் கழிப்பறையில் ஆண்டர்ஸ் சில சொட்டு விட்டு நிறுத்தினான். மிட்டாய் வாங்கினான். மறுபடி சில சொட்டு. மதியத்துக்குள் மிட்டாய்ப் பை காலி. வெர்லினுக்குக் கோபமே வரவில்லை.

"சரக்க சில்லறையா பிரிச்சு விக்கிறான் பாரு. வியாபாரி."

"மிட்டாய் தீந்ததும் டயப்பர மாட்டுன்னு நிக்கிறான் மொதலாளி," என்றாள் பிரிட்டா. "உங்க கண்ணு தப்பு. இவன் இன்னும் தயாராகல."

கடை திறந்த நாளிலிருந்து யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. அன்று வந்தவர்களுக்கெல்லாம் தப்பான குழாயை விற்றார்.

விடுமுறைக்கு முந்தைய சனிக்கிழமை தள்ளுபடி விற்பனை. கடை கொள்ளாத கூட்டம். பக்கத்து ஊர் மூர்ஹெட்டிலிருந்து வந்த புதுத் தம்பதிக்குத் தொட்டி சுமந்த கதையைச் சொல்லிக்கொண்டு வெர்லின் கதைக்குள் இரண்டாம் மாடிவரை ஏறிவிட்டிருந்தார். அவர்கள் கண் அவரைத் தாண்டிப் போயிற்று. திரும்பிப் பார்த்தார். டயப்பர் தரையில் கிடந்தது. வரிசையிலேயே விலை கூடிய கழிப்பறையில், யாரும் சொல்லாமல், மிட்டாயும் கேட்காமல், ஆண்டர்ஸ் ஏறி உட்கார்ந்திருந்தான். பிரிட்டா பேனாவும் கையுமாக மேசையிலிருந்து எழுந்துவிட்டாள். கூட்டம் முழுக்க அவன் பக்கம் திரும்பியது.

பையன் எல்லாரையும் முறைத்தான். "தாத்தா, கதவ மூடு."

கடை நடுவில் கதவுக்கு எங்கே போவது? வெர்லின் கதையை மாடிப்படியிலேயே இறக்கி வைத்துவிட்டு விறுவிறுவென்று நடந்தார். பையனுக்கு முதுகைக் காட்டி நின்று, கடைக் கோட்டின் இரண்டு பக்கத்தையும் கைகளால் அகல விரித்துப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டார்.