ஷட்டருக்கு முன்னால் நின்றவர்

அந்தத் தீயணைப்பு நிலையத்தில் முதலில் ஓடுகிறவனுக்கு ஒரு பரிசு உண்டு. பயிற்சி முடிந்ததும் நனைந்த ஹோஸ்களையெல்லாம் அவன்தான் கழுவிக் காயப்போட வேண்டும். இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் முன்னணித் தீயணைப்பாளர். நிலையத்தில் அவருக்குப் 'பொறு அண்ணன்' என்று பெயர்.

பயிற்சிக் கட்டடத்துக்குள் புகையைக் கிளப்பிவிட்டு மணி அடிப்பார். யாரும் கதவில் கை வைக்கக் கூடாது. கட்டடத்தை ஒரு சுற்று சுற்றி வந்து, கண்ணில் பட்டதைச் சொன்ன பிறகுதான் உள்ளே போகலாம். "புகை இருந்துச்சு" என்று சொன்னால் இன்னொரு சுற்று. புகை என்ன நிறம், எந்தப் பக்கம் போனது, எந்த ஜன்னல் கறுத்திருந்தது என்று சொல்ல வேண்டும்.

"அண்ணன் வீட்டுல பால் பொங்கினாக்கூட அடுப்பைச் சுத்தி வந்துட்டுத்தான் அணைப்பாராம்" என்பான் வண்டி ஓட்டுநர்.

"அணைக்கிறது என் பொண்டாட்டிடா. நான் சுத்தி மட்டும்தான் வருவேன்" என்பார் அவர்.

வேலையில் சேர்வதற்கு முன்பு அவர் ஒரு வெல்டிங் பட்டறையில் இருந்தார். கழுவாத எண்ணெய்ப் பீப்பாயைப் பற்றவைக்கப் போய், கூட வேலை செய்தவரின் புருவமும் மீசையும் ஒரே நொடியில் காணாமல் போனதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். இங்கே சேர்ந்த புதிதில் ஏணித் தேர்வில் பாதி உயரத்தில் கை கால் உதற, இறங்கி வந்துவிட்டார். பிறகு தினமும் விடியற்காலையில் ஆளில்லாத மைதானத்தில் ஏறி ஏறிப் பழகி, மறு தேர்வில் உச்சியில் நின்று கையசைத்தார். இதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

அவருடைய மனைவியின் தம்பியும் அதே நிலையத்தில்தான் வேலை பார்த்தான். ஆள் காளை மாதிரி. துறை விளையாட்டுப் போட்டியில் ஹோஸ் இழுத்து ஓடுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. அதனால் ஹோஸ் கழுவுவதிலும் அவனை மிஞ்ச ஆளில்லை. "மாமா, நீங்க சுத்தி முடிக்கிறதுக்குள்ள தீயே அலுத்துப்போய் அணைஞ்சிடும்" என்பான். அவனைத் திருத்த முடியுமா என்ற கவலை அவருக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்குப் போனால் அக்காக்காரியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஒரு பிற்பகல் மெத்தைக் கிடங்கு ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. வண்டி நின்றதும் அவர் வழக்கம்போலக் கிடங்கைச் சுற்றக் கிளம்பினார். முன்பக்கம் இரும்பு ஷட்டர். அதன் எதிரில் காவலாளியின் மனைவி தலையில் அடித்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள அவரு இருக்காரு! திறங்களேன்யா, கல்லு மாதிரி நிக்கிறீங்களே!"

அவர் சுற்றி வருவதற்குள் மச்சினன் கடப்பாரையை ஷட்டருக்கு அடியில் கொடுத்துவிட்டான். தோளைக் கொடுத்து நெம்ப வேண்டியதுதான் பாக்கி.

ஷட்டரின் இடுக்கு வழியே கரும்புகை வெளியே வந்தது. வந்த புகை அப்படியே உள்ளே இழுபட்டது. மறுபடி வந்தது, மறுபடி உள்ளே போனது. கட்டடமே மூச்சு வாங்குவதுபோல இருந்தது. உள்ளே தீ காற்றையெல்லாம் தின்றுவிட்டுப் பசியோடு காத்திருக்கிறது. ஷட்டரைத் தூக்கினால் காற்று பாயும். பாய்ந்த மறுகணம் உள்ளிருக்கும் புகை மொத்தமும் வெடித்துத் தீயாகும். முன்னால் நிற்பவன் மிஞ்ச மாட்டான். உள்ளே இருப்பவனும்தான்.

"பொறு!"

மச்சினனின் தோள் அப்படியே நின்றது. கடப்பாரையை உருவிக்கொண்டு விலகி வந்தான். அவர் ஷட்டருக்கு முன்னால் போய், எல்லாரையும் இரண்டு கைகளாலும் ஓரமாகத் தள்ளினார்.

காவலாளியின் மனைவி அவர் சட்டையைப் பிடித்தாள். "உன் வீட்டு ஆளா இருந்தா இப்படி நிப்பியா? நீ நல்லா இருப்பியா?"

"திட்டும்மா, அப்புறம் எவ்வளவு வேணா திட்டு. இதுக்கு மட்டும் பதில் சொல்லு. இந்த நேரத்துல அவர் என்ன செய்வார்?"

"வேலை மாத்துற நேரம். குளிச்சிட்டுத்தான் வீட்டுக்கு வருவாரு…"

கிடங்கின் ஜன்னல்களெல்லாம் கரியடித்து இருண்டிருந்தன. பின்சுவரில் குளியலறையின் சின்ன ஜன்னல் மட்டும் வெளுப்பாக இருந்ததை அவர் பார்த்திருந்தார். புகை இன்னும் அங்கே புகவில்லை. காவலாளி கதவைச் சாத்திக்கொண்டு அங்கே இருந்தால் பிழைப்பார். அங்கே இல்லாவிட்டால்? அந்தக் கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு மச்சினனைப் பார்த்தார்.

"பின்னால குளியலறை ஜன்னல். சட்டத்தோட பேத்து எடு. ஓடு!"

அவன் ஓடினான். சட்டம் பெயர்ந்து விழுந்தது. உள்ளே, முதுகில் சோப்பு நுரையும் இடுப்பில் ஈரத்துண்டுமாகக் காவலாளி கதவிடுக்கில் சட்டையைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருமிக்கொண்டே வெளியே வந்தவர், கூட்டத்தைக் கண்டதும் துண்டை இறுக்கிக்கொண்டார்.

அதன் பிறகே ஹோஸ்களைத் தயாராக வைத்துக்கொண்டு, ஏணி போட்டு, அடைபட்ட புகை மேல்வழியாகப் போகும்படி கூரைத் தகடு ஒன்றைப் பெயர்த்தார்கள். அந்த ஓட்டை வழியே சீறிக்கொண்டு எழுந்த தீயைப் பார்த்ததும் தெருவே பின்னால் நகர்ந்தது. மச்சினன் தன் தோளைத் தடவிக்கொண்டான்.

மறுநாள் விசாரிக்க வந்த மேலதிகாரி கேட்டார். "உள்ள ஆள் இருக்குன்னு தெரிஞ்சும் ஷட்டரை ஏன் திறக்கல?"

அவர் வாய் திறப்பதற்குள் மச்சினன் எழுந்தான். "நெம்பப் போனது நான்தான் சார். பொறுன்னார், நின்னுட்டேன்."

"காரணம் கேட்டியா?"

"ஆள் வெளிய வந்தப்புறம் கேட்டேன் சார்."

"அதுக்கு முன்னாடி ஏன் கேக்கல?"

"காரணம் இல்லாம அவர் பொறுன்னு சொன்னதில்ல சார். அதைக் கேக்காம ஓடி எத்தனை ஹோஸ் கழுவியிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

அதிகாரி சிரித்துவிட்டார். பொறு அண்ணன் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று மாலை வீட்டில், காவலாளியைக் காப்பாற்றிய கதையைக் கேட்க மனைவி ஆவலாக வந்து உட்கார்ந்தாள். அதை அவர் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

"உன் தம்பி நின்னான்" என்றார்.

"நின்னானா? எங்க?"

"நான் சொன்ன இடத்துல. கையில கடப்பாரை, கண்ணெதிர ஒரு பொம்பளை கதறுறா, தெருவே பாக்குது. நான் ஒரு வார்த்தைதான் சொன்னேன். நின்னுட்டான்."

அவள் தன் தம்பியைப் பற்றி அவர் வாயால் ஒரு நல்ல வார்த்தை அதுவரை கேட்டதில்லை. "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

அவர் முதலிலிருந்து சொன்னார்.