தூங்க விடக்கூடாத கம்ப்யூட்டர்

சூடேறிய கம்ப்யூட்டருக்கு என்று ஒரு மணம் உண்டு. வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் வாளியும் கருகிய தூசியும் கலந்த மணம் அது. எங்கள் வீட்டில் கூடுதலாக, மோட்டார் காயிலுக்கு அப்பா பூசும் வார்னிஷ் வாடையும் சேர்ந்துகொள்ளும். கோயமுத்தூர் கணபதியில் முன்பக்கம் அப்பாவின் மோட்டார் வைண்டிங் பட்டறையும் பின்பக்கம் நாங்களுமாகக் குடியிருந்த அந்த வீட்டில், ஒன்பதாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறை முழுவதையும் நான் இந்த மணத்துக்குள்தான் உட்கார்ந்து கழித்தேன். கூடப் படித்த பிள்ளைகள் ஊட்டிக்கும் டாப்சிலிப்புக்கும் போய்விட்டு வந்து கதை அளந்தார்கள். எனக்கு வாய்த்தது ஒரு கம்ப்யூட்டரைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. சிரிக்கத் தோன்றினால் தாராளமாகச் சிரியுங்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் சிவா மாமாவின் கல்யாணமே அந்தப் பெட்டியை நம்பித்தான் இருந்தது.

சிவா மாமா அம்மாவின் தம்பி. கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிப் படமாக்கிக் கொடுப்பது அவர் தொழில். பழைய காயில்களைப் போட்டு வைத்திருந்த பக்கவாட்டு அறையை ஒழித்து, அதற்கு 'ஸ்டுடியோ' என்று பெயர் வைத்துக்கொண்டு எங்களோடுதான் இருந்தார். காந்திபுரத்தில் ஒரு கலர் லேபில் ஆல்பம் வடிவமைக்கும் சுகந்தி என்ற பெண்ணோடு அவருக்கு மனசு ஒத்துப்போயிற்று. மனசு ஒத்தால் போதுமா? பொள்ளாச்சியில் தேங்காய் மண்டி வைத்திருந்த சுகந்தியின் அப்பா ஜாதகத்தைக் கொண்டுபோய்க் காட்ட, பத்துப் பொருத்தத்தில் நாலுதான் தேறும் என்று ஜோசியர் சொல்லிவிட்டார். மகள் இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்ததைப் பார்த்து மனிதர் கொஞ்சம் இறங்கி வந்து, "ஜாதகந்தான் பொருந்தல, தொழிலாச்சும் பொருந்துதான்னு ஊட்டுக்கு வந்து பாத்துப்போட்டுச் சொல்றேன்" என்று சொல்லி அனுப்பினார். அந்தச் சந்தோஷத்தில் சுகந்தி ஒரு வார்த்தையை விட்டுவிட்டாள். "எங்க லேப்ல இருக்கற அதே கம்ப்யூட்டருதானுங்கப்பா அவரும் வச்சிருக்கறாரு" என்றாளாம்.

அவள் லேபில் இருந்தது ஒரு பழத்தின் பெயரைத் தன் பெயராக வைத்துக்கொண்ட வெளிநாட்டுக் கம்பெனியின் கம்ப்யூட்டர். வீடியோ வெட்டுவதற்கு அதில் இருந்த மென்பொருள் வேறு எதிலும் ஓடாது. அந்தப் பெட்டியின் விலைக்கு ஒரு ஜோடி காங்கேயம் காளையைப் பிடித்துக்கொண்டு வந்துவிடலாம் என்பார் மாமா. அவரிடம் இருந்ததோ, போர்டு ஒரு கடையிலும் மெமரி ஒரு கடையிலும் வாங்கி, ஒரு ஆடிட்டர் ஆபீஸ் கழித்துக்கட்டிய டப்பாவுக்குள் பூட்டிய அசெம்பிள் செட். பழக் கம்பெனிக்காரர்கள் தங்கள் மென்பொருளைத் தங்கள் பெட்டிக்குத் தவிர வேறு எதற்கும் தரமாட்டார்கள். ஆனாலும் அதை ஊர்ப்பட்ட பெட்டிகளில் ஏற்றிக் காட்டுகிற ஒரு கூட்டம் இன்டர்நெட்டில் இருந்தது. மாமா அதில் போய்ச் சேர்ந்துகொண்டார்.

அப்பாவுக்கு இதில் குழப்பமே இல்லை. எந்தப் பம்புக்கும் எந்த மோட்டாரையும் மாட்டிவிடுகிற ஊர் எங்களுடையது. "ஒரு நூல் கூடுனா கடைஞ்சுபோடு, ஒரு நூல் கொறைஞ்சா புஷ் அடிச்சுப்போடு, அவ்வளவுதான்" என்பது பட்டறையில் அவர் தினமும் சொல்லும் மந்திரம்; புஷ் என்றால் இடைவெளியை அடைக்கச் செருகும் உலோக வளையம். அந்த மந்திரத்தையே கம்ப்யூட்டருக்கும் சொன்னார். "இல்லீங்க, அது வேற கம்பெனி, இது வேற கம்பெனி, ஒண்ணுக்கொண்ணு ஆகாதுங்க" என்று மாமா விளக்கியபோது, கதவோரம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தி, "வேற கூட்டமா இருந்தாத்தானடா சம்பந்தம் பண்ண முடியும்? ஒரே கூட்டத்துக்குள்ள ஆரு பொண்ணெடுப்பா?" என்று கேட்டாள். கூட்டம் என்றால் குலம் என்கிற எங்கள் பக்கத்துக் கல்யாணக் கணக்குப்படி அது முழுக்கச் சரி. மாமா மறுபடி கீபோர்டுக்குத் திரும்பினார்.

சம்பந்தம் லேசில் முடியவில்லை. ஏற்றுவார், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மழை மாதிரி ஓடும், நாங்கள் எல்லோரும் பின்னால் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம். திடீரென்று திரை சாம்பல் நிறமாகி, பெட்டியை அணைத்துவிட்டு மறுபடி போடும்படி நாலைந்து மொழிகளில் அறிவிப்பு வந்து நிற்கும். "இத்தன பாஷையில சொல்லுது, தமிழ்ல ஒரு வார்த்த சொல்லுதா பாரு" என்று அம்மாவுக்கு அதன்மேல் தனிக் கோபம். ஒருவழியாக ஏறியபோது சத்தம் வரவில்லை. சத்தம் வந்தபோது பாடுகிறவர்கள் எல்லாம் ஜலதோஷம் பிடித்தவர்கள்போல் பாடினார்கள். ஒவ்வொன்றுக்கும் லேபிலிருந்து சுகந்தி போனில் ஒரு வைத்தியம் சொல்ல, மாமா இங்கே செய்து பார்க்க, கடைசியில் படம், சத்தம், நிறம் எல்லாம் கூடி வந்துவிட்டன. ஒன்றே ஒன்று மட்டும் தீரவில்லை. கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் கம்ப்யூட்டர் தூங்கிவிடும், தூங்கினால் எழுந்திருக்காது.

தூங்கவே கூடாது என்று செட்டிங்கில் சொல்லிவைக்கலாமே என்பீர்கள். மாமா சொன்னார். அது மரியாதையாக டிக் போட்டுக்கொண்டு, மரியாதையாகத் தூங்கிற்று. பிறகு பட்டனை அமுக்கிக் கொன்று மறுபடி எழுப்ப அரை மணி நேரம் ஆகும், அதுவும் அதற்கு மனசு வந்தால். ஆகவே வீட்டில் 'மவுஸ் ஆட்டறது' என்று ஒரு புது வேலை முளைத்தது. மாமா சாப்பிடப் போனால் நான் ஆட்டுவேன், நான் குளிக்கப் போனால் அம்மா மாவுக் கையோடு வந்து முழங்கையால் ஆட்டுவாள். மற்ற வீடுகளில் தூங்கவைக்கத் தொட்டிலை ஆட்டுவார்கள், எங்கள் வீட்டில் எல்லாமே தலைகீழ். அப்பா மட்டும் இதற்கு மனுஷன் எதற்கு என்று, அங்குமிங்கும் திரும்புகிற டேபிள் பேனின் கழுத்தில் ஒரு கயிற்றைக் கட்டி மறுமுனையை மவுஸில் முடிந்துவிட்டார். மவுஸ் அழகாகத்தான் ஆடியது. ஆனால் அந்தப் பேன், பக்கக் கதவு இல்லாத பெட்டியைப் பார்த்து நேராக நின்று ஊதினால்தான் பெட்டி உயிரோடு இருக்கும். அது கழுத்தைத் திருப்பித் திருப்பித் தெருவுக்குக் காற்று வீசியதில் பெட்டி கொதித்து, மறுபடி அந்த நாலைந்து மொழிகள் வந்துவிட்டன. கயிற்றை அவிழ்த்துவிட்டு என்னையே மறுபடி உட்காரவைத்தார்கள்.

பொள்ளாச்சிக்காரர்கள் வீடு பார்க்க வருகிற நாளும் வந்தது. சொன்ன பொய் சுகந்தியின் தலையிலும் சேர்த்து விடியும் என்று மாமா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. அம்மா அசரவில்லை. "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னு சும்மாவா சொன்னாங்க? இன்னும் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது நம்ம கையில இருக்குது, போடா" என்று சொல்லிவிட்டு, பருப்பும் வெல்லமும் பூரணமாக வைத்து ஒப்புட்டு சுடப் போனாள். நானும் என் பங்குக்கு, பழக்கடை ஆப்பிளிலிருந்து ஒரு ஸ்டிக்கரை உரித்து டப்பாவின் நெற்றியில் ஒட்டிவைத்தேன்.

ஜீப்பில் வந்தார்கள், சுகந்தியின் அப்பாவும் அம்மாவும் மட்டும். வாசலில் நிறுத்திவிட்டு இறங்கி உள்ளே வந்தும் ஜீப் வெளியே டுகுடுகு என்று ஓடிக்கொண்டே இருந்தது. "வண்டிய நிறுத்தலீங்களா?" என்று அப்பா கேட்டதற்கு, "இருக்கட்டுங்க, அது பாட்டுக்கு ஓடட்டும்" என்று சுகந்தியின் அப்பா பேச்சை மாற்றிவிட்டார். அடுப்படிக்கு வந்த அம்மாவின் முகம் சுருங்கிப்போயிற்று. "பாத்தியா, வண்டியக்கூட ஆஃப் பண்ணாம வந்திருக்கறாங்க. ஒக்கார மனசில்ல. வந்த கடனுக்குத் தலையக் காட்டிப்போட்டுப் போறதுக்குத்தான்" என்று கரண்டியை ஓங்கி வைத்தாள்.

ஆனால் ஸ்டுடியோவில் காரியம் நன்றாகவே நடந்தது. மாமா ஒரு கல்யாணப் படத்தைப் போட்டுக் காட்ட, தாலி கட்டும் இடத்தில் தேங்காய்க்காரர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு டப்பாவைக் குனிந்து பார்த்து, "இதென்னுங்க தம்பி, பழத்துல ஒட்டற ஸ்டிக்கராட்டம் இருக்குது" என்றார். மாமா என்னை முறைத்துக்கொண்டே, "ஆமாங்க, அப்படித்தான் இருக்குமுங்க" என்றார். எல்லோரும் ஒப்புட்டு சாப்பிடக் கூடத்துக்குப் போக, நான் மட்டும் உட்கார்ந்து மவுஸை ஆட்டினேன். "பாப்பா வரலீங்களா?" என்று சுகந்தியின் அம்மா கேட்டதும், "அவளுக்குக் கம்ப்யூட்டருன்னா உசுருங்க" என்று அம்மா அந்த ஆயிரத்தில் இன்னொரு பொய்யைச் செலவழிப்பது காதில் விழுந்தது.

அப்போதுதான் வாசலில் சத்தம் நின்றது.

"அட கெரகமே!" என்று இலையிலிருந்து துள்ளி எழுந்தார் தேங்காய்க்காரர். அந்த ஜீப் நின்றால் தானாகக் கிளம்பாதாம், தள்ள வேண்டுமாம். அப்பாவும் மாமாவும் ஓடினார்கள். தெரு கொஞ்சம் மேடு. "ஏ புள்ள, அங்க என்ன ஒக்காந்துட்டு இருக்கற, வெரசா வந்து ஒரு கை புடி!" என்று அம்மா போட்ட சத்தத்தில் நானும் மவுஸை விட்டுவிட்டு ஓடிப்போய்த் தள்ளினேன். தண்ணீர்த் தொட்டி வரை தள்ளியும் அது கிளம்பவில்லை. அப்பா மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தார். வெளியே ஒரு கம்பெனி ஜீப், உள்ளே வேறொரு கம்பெனியின் டீசல் என்ஜின், நடுவில் ஏதோ தண்ணீர் மோட்டாரின் பெல்ட். எதையோ முறுக்கி எதையோ தட்டி அவர் கிளப்பிவிட்டதும், சுகந்தியின் அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறி, ஆக்சிலேட்டரை மிதித்தபடி உட்கார்ந்துவிட்டார். நெடுநாள் பழகிய கால் என்பது பார்த்தாலே தெரிந்தது.

விடைபெற்றுக்கொண்டு போவார் என்று பார்த்தால், துண்டை உள்ளே வைத்துவிட்டதாகச் சொல்லித் தேங்காய்க்காரர் நேராக ஸ்டுடியோவுக்குள் போனார். பின்னாலேயே நாங்கள் போனோம். திரை கருகருவென்று கிடந்தது. மாமா மவுஸை ஆட்டினார், தட்டினார், கீபோர்டில் இருக்கிற அத்தனையையும் அமுக்கினார். "கரண்டு போயிருச்சாட்டங்க" என்று அம்மா ஆரம்பித்தாள்; தலைக்கு மேலே மின்விசிறி கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"கரண்டு இருக்குதுங்க" என்றார் மாமா. "இது அந்தக் கம்பெனிப் பெட்டி இல்லீங்க. உள்ள ஓடறது மட்டுந்தான் அவங்களுது. சுகந்தியக் கோவிச்சுக்காதீங்க, எனக்காகத்தான் அப்படிச் சொல்லிப்போடுச்சு. இது ஒண்ணுக்கொண்ணு சேராததுங்க. தூங்குனா எந்திரிக்காதுங்க."

தேங்காய்க்காரர் குனிந்து, திறந்த டப்பாவையும் அதற்கு எதிரே நின்று ஊதும் பேனையும் பார்த்தார்.

"பாடி ஒரு கம்பெனி, என்ஜின் ஒரு கம்பெனிங்களா?"

"ஆமாங்க."

"நிறுத்துனாக் கெளம்பாது?"

"ஆமாங்க."

"அப்பறம் ஆரு நிக்காம பாத்துக்கறது?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். ஜன்னல் வழியாக வெளியே மிதித்துக்கொண்டிருந்த தன் மனைவியையும் பார்த்தார். பிறகு தொப்பை குலுங்க ஒரு சிரிப்புச் சிரித்தாரே, பட்டறையில் இருந்த பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். "எங்க ஊட்டுல அவ, இங்க நீயா கண்ணு?" என்று கட்டிலில் உட்கார்ந்துகொண்டு அம்மாவிடம், "ஏனுங்க அம்மணி, பாதி ஒப்புட்டுல எந்திரிச்சுப்போட்டனுங்க, இன்னொண்ணு கொண்டாங்க" என்றார். அம்மா அடுப்படிக்குத் திரும்புவதற்குள் அவரே தொடர்ந்தார். "இவங்களுக்காச்சும் நாலுங்க. எனக்கும் அவளுக்கும் மூணு பொருத்தந்தான். அதா, இன்னும் மிதிச்சுட்டுத்தான ஒக்காந்திருக்கறா." அன்று அம்மா கொடுத்தனுப்பிய ஒப்புட்டுத் தூக்குப் பாத்திரம், இன்று வரை திரும்பி வரவில்லை.

கல்யாணம் நடந்தது. அந்தக் கல்யாணப் படத்தையும் அதே பெட்டியில்தான் மாமா வெட்டினார். மவுஸ் ஆட்ட அப்போது சுகந்தி அத்தை வந்துவிட்டதால் எனக்கு ஓய்வு கிடைத்தது. இப்போது அவர்கள் இருவருமாகப் பொள்ளாச்சியில் லேப் வைத்திருக்கிறார்கள். எல்லாமே அசல் பெட்டிகள், தூங்குகின்றன, தொட்டால் எழுந்திருக்கின்றன, அவற்றைப் பற்றிச் சொல்ல ஒரு கதைகூட இல்லை. பழக் கம்பெனி தன் பெட்டிக்கான சிப்பையும் தானே செய்ய ஆரம்பித்துவிட்டதால், இனி வரும் மென்பொருளை ஊர்ப்பட்ட பெட்டிகளில் ஏற்றவே வழியில்லாமல் போகிறது. மாமா ராப்பகலாகக் கிடந்த அந்த இணையக் கூட்டத்தில் இப்போது பேச்சுக்குரல் குறைந்துவிட்டது. ஜீப் உக்கடத்துப் பழைய இரும்புக்குப் போயிற்று. நான் ஒரு மென்பொருள் கம்பெனியில், ஒரு செயலி எந்தெந்தப் போனில் ஓடும் என்று பார்த்துச் சொல்லும் வேலையில் இருக்கிறேன். ஓடவில்லை என்று எழுதும்போதெல்லாம், புஷ் அடித்துப் பார்த்தீர்களா என்று கேட்கத்தான் வாய் வருகிறது.

போன மாதம் தேங்காய்க்காரருக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். "பாடி பொள்ளாச்சி, உள்ள வெளிநாட்டுக் கம்பெனி" என்று ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும்போதுகூட நர்ஸிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டே போனார். நான் பார்க்கப் போனபோது மருந்து மயக்கத்தில் இருந்தார். எழுந்திருக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது என்று அத்தையும் அவள் அம்மாவும் வாசலில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்கள். கட்டில் ஓரம் மாமா உட்கார்ந்திருந்தார். பெரியவரின் கையைத் தன் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு, மெத்தைமேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மெல்ல நகர்த்திக்கொண்டே இருந்தார். தான் என்ன செய்கிறோம் என்பது அவருக்கே தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது.

கண்ணைத் திறக்காமலே பெரியவர்தான் சொன்னார்.

"போதுமுங்க மாப்ள, ஆட்டறத நிறுத்துங்க. எந்திரிச்சுப்போட்டேன்."