சித்தி போட்ட தொண்ணூற்றெட்டு

உலகத்தில் எத்தனையோ பேர் பள்ளிக்கூடம் கட்டியிருக்கலாம், ஏழைப் பிள்ளைகளுக்குச் சம்பளம் கட்டியிருக்கலாம். ஆனால் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்குள் ஒரு மாவட்டத்தையே படிக்க வைத்த ஒரே ஆள் என் சித்திதான். மன்னர்களால் ஆகாதது, மகான்களால் ஆகாதது. மவுஸை ரெண்டு தட்டுத் தட்டினாள், பிள்ளைகள் எல்லோரும் வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். ஒன்பதாவதோடு படிப்பை விட்டுவிட்டு போர்டு கட்டிக்கொண்டிருந்த நானும், எனக்கே தெரியாமல் பத்தாவது பாஸாகிக்கொண்டிருந்தேன்.

சித்தி ஃபிளெக்ஸ் கடையில் டிசைனர். கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருக்கிறாள். மெஷின் ஓடும் அறையில் ஏசி உண்டு, அது மெஷினுக்கு. சித்தி உட்காரும் மூலையில் ஒரு மேஜை விசிறி, அதுவும் பாதி திரும்பி முறுக்கிக்கொண்டு நின்றுவிடும். அங்கே உட்கார்ந்துதான் மாப்பிள்ளைகளுக்கு முடி வைப்பாள், செத்துப்போனவர்களுக்குச் சட்டை மாட்டிவிடுவாள். ஒருமுறை இறந்துபோன ஒரு பெரியவரின் வயது எண்பத்தேழு, போர்டில் எழுபத்தெட்டு என்று போட்டுவிட்டாள். அந்த வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை. இவளாகப் போய் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டு, சொந்தச் செலவில் வேறு அடித்துக் கொடுத்தாள்.

"விடு சித்தி, போற நேரத்துல ஒன்பது வருஷம் இளமையாகிட்டாரு" என்றேன். முறைத்த முறைப்பில் ரெண்டு நாள் அவள் பக்கமே போகவில்லை.

கல்வி அமைச்சர் விழாவுக்கு மேடையின் பின்பக்கம் முழுவதையும் மறைக்கிற மாதிரி ஒரு போர்டு கேட்டார்கள். படம் வந்தது, வாசகம் வந்தது. 'மாவட்டத்தில் பள்ளிப்படிப்பை முடிப்பவர்கள் இத்தனை சதவீதம்' என்பதற்கு மட்டும் எண் வரவில்லை, பிறகு அனுப்புகிறோம் என்றார்கள். எண் இல்லாமல், அது உட்காரவேண்டிய பெட்டி எப்படி நிற்கும் என்று தெரியாது. அதனால் டிசைனர்கள் வாய்க்கு வந்ததைப் போட்டுப் பார்ப்பார்கள். சித்தி முதலில் எழுபத்தொன்று போட்டாள். அந்த ஒன்று ஒல்லிப்பிச்சான், பக்கத்தில் இடம் பல்லிளித்தது. தொண்ணூற்றெட்டு போட்டாள். ரெண்டும் சதைப்பிடிப்பான எண்கள், பெட்டி ஜம்மென்று நிறைந்துவிட்டது. 'எண் மாற்றணும்' என்று கீழே தட்டி மாதிரியை அமைச்சர் ஆபீஸுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.

எங்கள் முதலாளிக்கு ஓகே அண்ணன் என்று பெயர். நான் வைத்ததுதான். "ஓகேன்னுட்டாங்கம்மா, ஓட்டு" என்றார்.

"நம்பர் வரலையே அண்ணா."

"பாத்துட்டுத்தானே ஓகே போட்டிருக்காங்க? விடிஞ்சா விழா. நீ என்ன மந்திரியா?"

ஓட்டினாள். நான்தான் கொண்டுபோய்க் கட்டினேன். புயலடித்தாலும் அசையாத முடிச்சு. அமைச்சர் மேடையில் பேசிக்கொண்டே வந்தவர், எண் வரவேண்டிய இடத்தில் கழுத்தைத் திருப்பி போர்டைப் பார்த்தார். "தொண்ணூத்தெட்டு சதவீதம்!" என்றார். கைதட்டல் அடங்கவே இல்லை.

"சித்தி, நான் அந்தத் தொண்ணூத்தெட்டுலயா, மிச்ச ரெண்டுலயா?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் பத்திரிகையில் அதே எண். பிறகு சுவர்களில். பிறகு பஸ்ஸின் முதுகில். கடைசியில் மாலை வகுப்பின் கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். படிப்பை விட்டவர்களே இந்த மாவட்டத்தில் இல்லாத காரணத்தால் வகுப்பு மாதக் கடைசியோடு மூடப்படும்.

பள்ளிக்கூடத்தின் பின்கட்டில் நடக்கிற வகுப்பு அது. தையல் கம்பெனிப் பெண்கள், லேத் பட்டறைப் பையன் என்று வேலை முடிந்து வந்து பத்தாவதுக்குப் படிப்பார்கள். நானும் போவேன். அங்கே விசிறி நன்றாகச் சுற்றும், அதற்காகத்தான் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன்.

சித்தி அமைச்சரின் உதவியாளரைப் பார்க்கப் போனாள். மடிப்புக் கலையாத சட்டைக்காரர். முழுக்கக் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நம்பர் போட்டது நீங்க. அச்சடிச்சது உங்க கடை. தப்புன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப நடவடிக்கை யார் மேல வரும்? யோசிச்சுக்குங்கம்மா."

யோசித்தாள், யோசித்தாள், சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே யோசித்தாள். சுவரில் அந்த எண் இருக்கிற தெருவை விட்டுச் சுற்றுவழியில் வேலைக்குப் போனாள். அவளைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

"நீ போடலைன்னா அவங்களே நூறுன்னு போட்டிருப்பாங்க சித்தி."

"போட்டிருப்பாங்க. அது அவங்க பொய்யா இருந்திருக்கும். இது என் பொய்டா. ஓட்டும்போது தெரிஞ்சேதான் ஓட்டினேன். அந்தத் தையல் கம்பெனிப் பொண்ணுங்க முகத்துல எப்படி முழிப்பேன்?"

போர்டைக் கட்டினவன் நான். ஏதாவது ஜோக் சொல்லலாம் என்று பார்த்தேன், ஒன்றும் வரவில்லை.

அமைச்சர் மனு வாங்க வருகிறார் என்று தெரிந்ததும் சித்தி லீவு போட்டாள். "நீ போனா எனக்கு ஆர்டர் போயிடும்மா" என்று ஓகே அண்ணன் முதல்முறையாக ஓகே சொல்லாமல் புலம்பினார். சித்தி என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "படிப்பை விட்டவங்க எத்தனை பேர் வர முடியுமோ கூட்டிட்டு வா. உண்மையா விட்டவங்க மட்டும்."

மாலை வகுப்பில் போய்க் கேட்டேன். பாதிப் பேருக்கு லீவு கிடைக்கவில்லை, மீதியில் பாதிக்குப் பயம். விரல் விட்டு எண்ணலாம். இவ்வளவு கொஞ்சப் பேரை வைத்துக்கொண்டு சித்தி அமைச்சர் முன்னால் எப்படி நிற்பாள்? மைதானத்தில் கிரிக்கெட் ஆடுகிற பள்ளிக்கூடப் பையன்கள் ஞாபகம் வந்தார்கள். யூனிஃபார்ம் போடாமல் வந்து கை தூக்கினால் ஆளுக்கொரு ஜூஸ் என்றேன்.

மண்டபம் நிறைந்துவிட்டது. அமைச்சர் அன்பாகவே கேட்டார்: "என்னம்மா குறை?"

"குறை இல்லைங்க. நிறைஞ்சு போச்சு, அதான் பிரச்சினை." சித்தி இன்னும் ஒரு அடி முன்னால் வந்தாள். "நீங்க சொல்ற தொண்ணூத்தெட்டு நான் போட்டதுங்க. பெட்டி நிறையணும்னு போட்டேன். உங்க ஆபீஸ் நம்பர் இன்னும் வரவே இல்லை. என் தப்பை நான் சொல்லிட்டேன். நீங்க பேசினதுக்கு நீங்கதான் சொல்லணும்."

"கணக்கு துறையில இருக்கும்மா."

"இருந்தா காட்டுங்க. இவங்கல்லாம் அதுல எங்க இருக்காங்கன்னு பாக்கணும்."

அமைச்சர் கூட்டத்தைப் பார்த்தார். "படிப்பை விட்டவங்க கை தூக்குங்க."

காடு மாதிரி எழும்பின கைகள். அமைச்சர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சித்தி மட்டும் முன்வரிசையில் ஒரு பையனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, கையை இறக்கு."

"ஏங்க்கா?"

"போன மாசம் உன் முகத்தை வெட்டி ரோஜாப்பூ நடுவுல வச்சதே நான்தான். கணக்குல நூத்துக்கு நூறு. உங்க பள்ளிக்கூட வாசல்ல போர்டா தொங்குற. நீ எப்ப படிப்பை விட்ட?"

அவன் மென்று விழுங்கினான். "அந்த அண்ணன்தான்... கை தூக்கினா ஜூஸ்னு சொன்னாரு."

மண்டபமே சிரித்தது. அமைச்சரின் சிரிப்புதான் சத்தமாக இருந்தது. சித்தியின் காதுமடல் சிவந்துவிட்டது. அவளே தன் பொய்யைச் சுமக்க முடியாமல் சுமந்துகொண்டிருந்தாள். அதன் மேல் நானும் என் பொய்யோடு ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"பாத்தீங்களாய்யா? ஜோடிச்ச கூட்டம்" என்றார் உதவியாளர்.

சித்தி என் பக்கம் திரும்பவில்லை. "பள்ளிக்கூடம் போறவங்க எல்லாரும் கையை இறக்குங்க. ஜூஸ் நான் வாங்கித் தரேன்" என்றாள். கைகள் பொலபொலவென்று இறங்கின. அங்கொன்றும் இங்கொன்றுமாக மிச்சம் நின்றன. சித்தி அமைச்சரைப் பார்த்தாள். "எங்க பக்கத்துலயும் பொய் இருந்துச்சுங்க. இறக்கிட்டோம். இப்ப நீங்க."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அமைச்சர் மைக்கை அணைத்துவிட்டுக் குனிந்தார். "மேடையில சொன்னதை உடனே மாத்த முடியாதும்மா. கொஞ்சம் டைம் குடு."

"வகுப்புக்கு மாசக் கடைசி வரைக்கும்தாங்க டைம்."

நெற்றியைத் தடவினார். அப்புறம் உதவியாளரிடம் சொன்னார்: "அந்த நம்பரை எல்லா இடத்துலயும் எறக்கச் சொல்லு. வீடு வீடாப் போய் எண்ணட்டும். எண்ணி முடிக்கிற வரைக்கும் வகுப்பை யாரும் மூடக்கூடாது. இங்க எத்தனை பேர்னு இப்பவே குறிச்சுக்க."

உதவியாளர் தூக்கிய கைகளை எண்ணினார். "ஆறு பேருங்கய்யா."

"ஏழு" என்றாள் சித்தி.

அவர் விரலை நீட்டி மறுபடி எண்ணினார். "ஆறுதாம்மா."

அப்போதுதான் சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கடைசித் தூணோரம், ரெண்டு கையையும் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"ஊரையே கை தூக்க வச்சியே, உன் கை எங்கடா?"