தர்மசங்கட நிபுணர்

என் தங்கையைக் கட்டியவருக்குத் தர்மசங்கடம் என்றால் உயிர். அதாவது, மற்றவர்களுக்கு வருகிற தர்மசங்கடம். மருந்துக் கிடங்கில் குளிர் அறைக்குப் பொறுப்பாளர். சனிக்கிழமை மாலையானால் எங்கள் நாலு பேருக்கும் ஆட்ட நடத்துநர். ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டி, மேசையைச் சுற்றி உட்கார்ந்தபடி வாயாலேயே கதையை நடத்துகிற ஆட்டம் அது. கதைக்குள் சிக்கல் வைப்பது அவர் வேலை, வெளியே வருவது எங்கள் பாடு.

அவர் வைக்கிற சிக்கலெல்லாம் ஒரே அச்சு. பாலத்தைக் காப்பாற்றினால் ஊர் மூழ்கும், ஊரைக் காப்பாற்றினால் பாலத்தில் நிற்கிற பிள்ளைகள் போவார்கள். மூன்றாவதாக யாராவது வழி சொன்னால் உடனே அடைத்துவிடுவார். நாங்கள் திருதிருவென்று முழிப்பதைப் பார்த்துத் தாடியைத் தடவிக்கொள்வார், பெரிய ஞானி என்ற நினைப்பு. வீட்டுக்கு ஒரு மின்விசிறி வாங்க முடிவெடுக்கத் துப்பில்லாத மனிதர். அதையும் என் தங்கைதான் போய் வாங்கி வந்தாள்.

போன மாதம் கிடங்கில் ஒரு வண்டி மருந்து கெட்டுப்போனது. வழியில் வண்டியை நிறுத்தி வைத்துவிட்டார் என்று ஓட்டுநர் மேல் பழி விழுந்தது. ஒப்பந்த ஆள், வீட்டில் கைக்குழந்தை. எங்கள் ஆட்டத்தில் கோட்டைக் காவலனாக வருகிறவரும் அவர்தான். திங்கட்கிழமை விசாரணை. வேலை இருக்குமா போகுமா என்ற கவலையில் மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கு முந்தைய சனிக்கிழமை மாப்பிள்ளை புதுச் சிக்கல் ஒன்றை வைத்தார். அரண்மனைக் களஞ்சியத்தின் பொறுப்பாளர் கதவைச் சாத்த மறந்துவிட்டார், தானியம் நனைந்துவிட்டது, பழி காவலன் மேல்.

"உண்மையைச் சொன்னா பொறுப்பாளருக்குத் தூக்கு. சொல்லலைன்னா காவலனுக்கு வேலை போகும். என்ன செய்யப் போறீங்க?"

"பொறுப்பாளரே போய் ராஜா கால்ல விழட்டுமே மாப்பிள்ளை," என்றேன்.

"அதுக்கு வழியே இல்ல மச்சான். ராஜா மன்னிக்க மாட்டார்."

ஓட்டுநர் கையிலிருந்த பகடையைக் கீழே வைத்தார். "காவலனே ஏத்துக்கட்டும் சார். வேலை வேற கிடைக்கும். உயிர் போனா வருமா?"

மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. ஆட்டத்தில் அப்படி ஊறிப்போன மனிதர் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

திங்கட்கிழமை ஓட்டுநருக்கு வேலை போனது. அன்று மாலையே தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, மருந்தை வண்டில ஏத்துறதுக்கு முந்தின ராத்திரி குளிர் அறைக் கதவைச் சாத்தாம வந்தது இவர்தான். விசாரணையில ஏன் சொல்லலைன்னு கேட்டா, 'அவனே சொல்லிட்டானே, காவலன் ஏத்துக்கட்டும்னு'ங்கறார். இந்த முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கல."

வெட்கங்கெட்ட மனுஷன். மன்னிப்புக் கேட்கத் துணிச்சல் இல்லை; யார் வயிற்றில் அடித்தாரோ அவர் வாயாலேயே, விளையாட்டு என்று சொல்லி, அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டிருக்கிறார்.

தங்கை சும்மா விடவில்லை. ஓட்டுநரை வீட்டுக்கு வரச்சொல்லி, என்னையும் கூட வைத்துக்கொண்டு, புருஷன் எதிரிலேயே எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். ஓட்டுநர் எழுந்து சட்டையைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். பிடித்திருந்தால் நான் விலக்கியிருக்கமாட்டேன். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை தொண்டையைக் கனைத்தார். "அது பெரிய தர்மசங்கடம்பா. என் இடத்துல இருந்து பார்த்தாதான் தெரியும்."

"சார், நீங்க நிரந்தர ஆளு," என்றார் ஓட்டுநர். "நிஜத்தைச் சொல்லியிருந்தா உங்களை என்ன செஞ்சிருப்பாங்க?"

தங்கைதான் பதில் சொன்னாள்.

"ஒரு மெமோ குடுத்திருப்பாங்க."

"தூக்குன்னு சொன்னீங்களே சார்," என்றார் ஓட்டுநர்.